ரத்தம் தேறியது, மனிதர் தேறவில்லை

அத்தியாயம் 9

“ராகுகாலம் முடிஞ்சதும் அப்பாவை ஆத்துக்கு அழைச்சுண்டு போறதுன்னு முடிவாயிடுத்து” என்றாள் சுப்ரஜா. “நாலரைக்கு ஆம்புலன்ஸ்.”

ஜோதிலட்சுமி மணி பார்த்தாள். பதினொன்று பத்து.

“ராகுகாலம் நம்மளுக்கு நல்லது பண்ணி இப்பதான் மேடம் பாக்கறேன்” என்றான் சரவணகுமார். “இல்லாங்காட்டி மூணு மணிக்கே தூக்கினு போயிருப்பாங்க.”

ஜோதிலட்சுமி பதினேழு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் கிளெய்ம்களைத் துருவியவள். இப்போது செங்கல்பட்டில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். சரவணகுமார் மறைமலைநகரில் கம்பெனி பஸ் ஓட்டியவன். நைட் ஷிப்ட் முடிந்து தூங்கி வழியும் தொழிலாளிகளைப் பேசிப் பேசியே எழுப்பிவிடுவான் என்று அவன்மேல் புகார் போய், வேலையை விட்டு வந்தவன். அவனுடைய வாய்க்கு ஸ்டியரிங் கிடையாது, பிரேக்கும் கிடையாது.

அவர்கள் நின்றது செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல். உள்ளே கிடந்தவர் சுப்ரஜாவின் அப்பா ஜெயகிருஷ்ணன், அறுபத்துமூன்று வயது. மாமல்லபுரத்தில் பெருமாள் பல்லக்குக்குத் தோள் கொடுப்பவர்களில் மூத்தவர். சனிக்கிழமை காலை பூக்குடலையோடு போனவர் தெருவிலேயே சாய்ந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. கசிவு சின்னதுதான், மறு ஸ்கேனிலும் பெருகவில்லை. ஆனாலும் இன்று செவ்வாய்க்கிழமை, மனிதர் கண்ணே திறக்கவில்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போகிறது.

முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஒரு எண் பதினாலு என்று வந்ததாம். அது ஏறியிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக ஜெயகிருஷ்ணனின் தம்பி அம்பி பிடித்துக்கொண்டார். கஷ்டம் என்று சொன்னது அவர் காதுக்குள் போவதற்குள் முடிந்துபோச்சு என்று ஆகிவிட்டது. உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும், ஆஸ்பத்திரியில் அனாதை மாதிரிப் போகக்கூடாது என்று நேற்றிலிருந்து ஒற்றைக் காலில் நிற்கிறார்.

சுப்ரஜாவுக்கு வேறொரு கணக்கு. அந்த எண் பதினாலிலிருந்து ஒன்பதாகி, நேற்று காலை ஐந்தாகிவிட்டது. எண் இறங்கினால் ஆள் தேற வேண்டும். அப்பா தேறவில்லை. அப்படியானால் யாரோ ரத்தத்தை மாற்றி வைக்கிறார்கள், அது யாரென்று கண்டுபிடியுங்கள் என்று நேற்று சாயங்காலம் ஜோதிலட்சுமியிடம் வந்து நின்றாள்.

அந்தச் சந்தேகத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே முடிவு கட்டியாயிற்று. மூன்று நாளும் ரத்தம் எடுத்த குழாய்கள் லேபில் பத்திரமாக இருந்தன. மூன்றிலும் அவருடைய ஏபி நெகட்டிவ். அந்த வாரம் அந்த குரூப்பில் அங்கே வேறு நோயாளியே கிடையாது.

“ரத்தம் அவருதுதான்” என்றாள் ஜோதிலட்சுமி. “பொய் சொல்றது வேற ஏதோ.”

வராந்தாவில் வேகமாக வந்த டாக்டர் விஷாகாவை ஜோதிலட்சுமி மறித்து, அந்த எண்ணைத் தனக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னாள். டாக்டர் நடந்துகொண்டே சொன்னாள். ரத்தத்தின் வெள்ளணுக்களில் நியூட்ரோபில் என்று ஒன்று, லிம்போசைட் என்று ஒன்று. மூளையில் ரத்தம் கசிந்தால் உடம்பு கொதித்தெழும். முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். இரண்டையும் வகுத்தால் வருவதுதான் அந்த எண். அது உயர்ந்திருப்பவர்கள் தேறுவது குறைவு என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

“ஆனா அது ஒரு ஜாடைதாங்க. ஜாதகம் இல்ல” என்றாள். “அம்பி சார்கிட்ட இதைப் பத்து தடவை சொல்லிட்டேன்.”

“வழக்கமா இது முதல் நாளே உச்சத்துல இருக்குமா?”

டாக்டர் நின்றாள். அந்தக் கேள்வி அவளையும் அரித்துக்கொண்டிருந்தது போல. பொதுவாக இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் ஏறும். இவருக்கு வந்து சேர்ந்தபோதே உச்சி, அப்புறம் தானாக இறங்குகிறது. இன்னொன்றும் உண்டு. உடம்பில் நிஜமாகவே அழற்சி இருந்தால் சிஆர்பி என்ற இன்னொரு அளவும் கூடவே ஏற வேண்டும். இவருக்கு அது சாதாரணமாக இருக்கிறது.

“ரெண்டு சாட்சி” என்றான் சரவணகுமார். “ஒண்ணு வூடு பத்தி எரியுதுன்றான். இன்னொண்ணு பொகையே இல்லன்றான்.”

“சிஆர்பி ஏறாம அந்த எண்ணை மட்டும் ஏத்தி வைக்கிறது எது, டாக்டர்?”

“ஸ்டீராய்டு” என்றாள் விஷாகா. “எனக்கும் தோணிச்சு. ரொம்ப நாள் எடுத்துட்டுத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் அந்த எண் தானா இறங்கும், கூடவே பிரஷரும் விழும், ஆள் மயங்கிக் கிடப்பார். ஆனா வீட்டுல மனைவி, மகள், தம்பின்னு மூணு பேரையும் தனித்தனியா கேட்டாச்சு. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை தவிர ஒண்ணும் கிடையாதுன்னு அடிச்சுச் சொல்றாங்க. ரத்தக்கசிவு கேஸுக்கு வெறும் சந்தேகத்துல ஸ்டீராய்டு போட்டா சுகர் ஏறும், தொற்று வரும். டெஸ்ட்டு அனுப்பியிருக்கேன், ரிசல்ட் நாளைக்குத்தான்.”

“நாளைக்கு அவர் இங்க இருக்க மாட்டார்.”

“அதனால, நாலரைக்குள்ள எனக்கு ஒரு பேர் கொண்டு வாங்க. என்ன சாப்பிட்டார்னு ஒரு பேர் போதும்.”

பன்னிரண்டரைக்கு மாமல்லபுரம். வழியில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண ஊர்வலம் பத்து நிமிஷத்தை விழுங்கியதில் சரவணகுமார் மாப்பிள்ளைக்குச் சாபமே கொடுத்துவிட்டான்.

ஜெயகிருஷ்ணனின் மனைவி சுந்தரவல்லி கூடத்தை மெழுகித் துடைத்துக்கொண்டிருந்தாள். கணவரைக் கிடத்துவதற்காக.  சுவரில் வருஷத்துக்கு ஒன்றாகப் பிரம்மோத்சவப் படங்கள் மாட்டியிருந்தன. ஜோதிலட்சுமி அவற்றின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய படத்தில் ஜெயகிருஷ்ணன் ஒட்டிய கன்னத்தோடு கூட்டத்தின் ஓரத்தில் தடியூன்றி நின்றார். அதற்கடுத்த படத்தில் பல்லக்கின் முன்தண்டு அவர் தோளில் இருந்தது. முகம் பௌர்ணமி மாதிரி உருண்டிருந்தது.

முழங்கால் வலி என்று ஒரு வருஷம் முடங்கிக் கிடந்தாராம். அப்புறம் பெருமாள் கிருபையில் வலி தானாக விட்டதாம், உடம்பும் நன்றாகப் பூசினாற்போல ஆகிவிட்டதாம். சுந்தரவல்லி இதைச் சொல்லும்போது அந்தக் கவலையிலும் கொஞ்சம் பெருமை இருந்தது.

“பூசினது மூஞ்சி மட்டுந்தான்” என்று சரவணகுமார் முணுமுணுத்தான். “கையி கால் அப்படியே குச்சியா கீது பாருங்க.”

அவருடைய அலமாரியில் வேட்டிகள், பல்லக்குத் தண்டுக்கடியில் தோளில் வைத்துக்கொள்ளும் துணித் திண்டு, அதன் பின்னால் முக்கால்வாசி காலியான ஒரு தேன் பாட்டில். சுகர்காரர் வீட்டில் தேன். திருமஞ்சனத்துக்கு வாங்கி வைத்திருப்பார் என்றாள் சுந்தரவல்லி.

“பெருமாள் ஸ்பூன் போட்டா சாப்புடறாரு?” சரவணகுமார் பாட்டிலுக்குள் கிடந்த குட்டி ஸ்பூனைக் காட்டினான்.

ஜோதிலட்சுமி துணித் திண்டை அழுத்திப் பார்த்தாள். உள்ளே ஏதோ சரசரத்தது. தையல் ஒரு பக்கம் விட்டிருந்தது. விரலை விட்டு இழுத்தால் மடித்த காகிதங்கள், ஏழெட்டு. மருந்துப் பொடி மடித்த பொட்டலத் தாள்கள். எல்லாம் காலி, ஓரங்களில் மட்டும் பழுப்புத் தூள். பெருமாளைச் சுமந்த தோளுக்குத் திண்டு, திண்டுக்குள் இந்த ரகசியம். சுந்தரவல்லி வாயில் கை வைத்துக்கொண்டாள். அவளுக்கு நிஜமாகவே தெரியாது.

எல்லாத் தாள்களும் ஒரே மஞ்சள் நோட்டீஸின் துண்டுகள். ஆடி மாதக் கூழ்வார்த்தல் விழா நோட்டீஸ். ஊர் கடப்பாக்கம். சரவணகுமார் தரையில் குந்தித் துண்டுகளைச் சேர்த்து வைத்தான்.

“விழா முடிஞ்சும் இவ்ளோ நோட்டீஸ் யாரு வூட்ல மிச்சம் இருக்கும்? அச்சடிச்சவங்க வூட்ல. தோ, கடைசி வரி. நோட்டீஸ் உபயம், நாட்டு மருந்து சந்திரம்மா.” அவன் எழுந்து கை தட்டினான். “நம்ம ஊர்ல தர்மம் பண்றவங்க பேரப் போடாம பண்ணவே மாட்டாங்க மேடம். அதான் நம்மளுக்கு சோறு போடுது.”

கிளம்பும்போது ஜோதிலட்சுமி கேட்டாள், இந்த வீட்டில் கடப்பாக்கம் பக்கம் போய்வருகிறவர் யார் என்று. அம்பி என்று பதில் வந்தது. அந்தப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மாதம் இரண்டு நாள் திருப்பாவை வகுப்பு எடுக்கிறாராம்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி தெற்கே பறந்தது. சரவணகுமார் வழி முழுக்க அம்பியைத் தூக்கில் போட்டுக்கொண்டே வந்தான். மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர், நிறுத்தியதும் அவர், இப்போது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகத் துடிப்பதும் அவர். அண்ணன் போனால் முன்தண்டு சுமக்கும் மரியாதை தம்பிக்கு.  எல்லாம் ஒழுங்காகப் பொருந்துகிற கிளெய்ம்களில்தான் ஜோதிலட்சுமி அதிகம் ஏமாந்திருக்கிறாள்.

சந்திரம்மாவின் வீடு கடப்பாக்கத்தில் பழைய கோட்டைக்குப் போகிற பாதையில், வலை காயப்போட்ட மணல்மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மணி இரண்டு. வேப்பமரத்தடியில் இருபது பேருக்குமேல் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். சரவணகுமார் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமலே பார்த்தான்.

“இன்னா மேடம், எல்லாரும் ஒரே வூட்டு ஆளுங்களா? அண்ணன் தம்பி மாதிரி ஒரே மூஞ்சியா கீது.”

அத்தனையும் உருண்டை முகம். மீனவர், ஆசிரியை, லாரி டிரைவர் என்று ஆளுக்கொரு ஜாடை இருக்க வேண்டியவர்கள், கன்னம் உப்பி, கண் சிறுத்து, உடன்பிறந்தவர்களாக உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டீராய்டு உப்பவைத்த முகங்கள்; மாமல்லபுரத்துச் சுவரில் பார்த்த அதே பௌர்ணமி என்று ஜோதிலட்சுமிக்குப் பட்டது.

வரிசையைத் தாண்டி உள்ளே போன சரவணகுமார், கிளட்ச் மிதித்து மிதித்து இடது முட்டி போய்விட்டதாகப் புலம்பி இரண்டே நிமிஷத்தில் ஒரு பொட்டலம் வாங்கிவிட்டான். மஞ்சள் நோட்டீஸ். தேனில் குழைத்துக் காலையில் சாப்பிட வேண்டும், இங்கிலீஷ் டாக்டரிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது, சொன்னால் மருந்து பலிக்காது.

ஜோதிலட்சுமி பழைய தாள்களைச் சந்திரம்மாவின் முன்னால் விரித்தாள். இந்த மருந்து சாப்பிட்டவர் சாகக் கிடக்கிறார் என்றாள். இதில் என்ன கலந்திருக்கிறது என்று இந்த நிமிஷம் தெரிந்தால் பிழைப்பார், போலீஸுக்குத் தெரிவது அப்புறம்.

ஐம்பது வயது சந்திரம்மாவின் முகம் வெளுத்தது. சுக்கு, முடக்கத்தான், அமுக்கரா என்று அடுக்கினாள். எல்லாம் புருஷன் கற்றுக்கொடுத்த முறைதான்.

“அதெல்லாம் முட்டி வலிய ஒரு வாரத்துல நிறுத்தாது” என்றாள் ஜோதிலட்சுமி.

 சந்திரம்மா அரிசி டின்னைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தாள். “டவுன்லேந்து ஒருத்தரு கொண்டாந்து தராரு. வலி மாத்திரன்னாரு. இடிச்சுப் போட்டா பொடி சீக்கிரம் புடிக்கும்னாரு. அவ்ளோதாம்மா எனக்குத் தெரியும், எம் பசங்க மேல ஆணையா.”

அட்டையில் டெக்ஸாமெத்தசோன் என்றிருந்தது. சரவணகுமார் அதைப் படம் பிடித்து டாக்டர் விஷாகாவுக்கு அனுப்பினான். அடுத்த நொடியே டாக்டரின் குரல். இதுதான் அந்த ஸ்டீராய்டு, ஆனால் எத்தனை மாதமாக, தினமும் எவ்வளவு என்று தெரிய வேண்டும், அவர் நிஜமாகவே சாப்பிட்டார் என்று வீட்டில் ஒருவராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். கூடவே இன்னொன்றும் சொன்னாள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை மருந்தைப் பட்டென்று நிறுத்தவிடாதீர்கள், அவர்களுக்கும் இதே கதிதான், எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

“மகாபலிபுரத்துக்கு ஒரே ஆளுக்குத்தான் போவுது” என்றாள் சந்திரம்மா. “வாங்கினு போறவங்க நம்பரு கீது. எத்தினி பொட்டலம்னு கேட்டுச் சொல்றேன்.” அவள் போனைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜோதிலட்சுமியின் போன் அடித்தது. சுப்ரஜா.

சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆம்புலன்ஸ் டிரைவர் இப்போதே கீழே வந்து நிற்கிறான், என்ன செய்வது என்று அழுதாள். நாங்கள் வரும்வரை தடுத்துப் பிடி, மருந்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்றாள் ஜோதிலட்சுமி. மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றுவிட்டது.

எதிரே சந்திரம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள். “வேற யாரோடயோ பேசினு கீறாங்களாம். அப்புறமா போடச் சொல்லுது.”

ஜோதிலட்சுமி அந்த அம்மாளைப் பார்த்தாள். கையிலிருந்த தன் போனைப் பார்த்தாள். சரவணகுமார் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாழ்நாளில் முதல்முறையாகச் சொல்லாமல் மூடிக்கொண்டான்.

“சுப்ரஜா” என்றாள் ஜோதிலட்சுமி. “இப்போ உனக்கு இன்னொரு கால் வந்துது இல்ல?”

 மறுமுனையில் ஏதோ கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

“கடப்பாக்கத்துலேந்து” என்றாள் ஜோதிலட்சுமி.

“ஆமா” என்றாள் சுப்ரஜா. குரல் குழந்தைக் குரலாக ஆகிவிட்டது. “நான்தான் வாங்கிண்டு வந்தேன். ரெண்டு வருஷமா. முன்தண்டு போயிடும்னு அப்பா தினம் அழுதார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சன்னிதியில சத்தியம் வாங்கிண்டார். அவர் விழுந்ததும் என் மருந்தாலதான்னு நினைச்சுட்டேன். வேற யாராவது தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிண்டுதான் உங்ககிட்ட வந்தேன்.”

தன் தலையில் விழுந்த பழியை இன்னொரு தலையில் இறக்கி வைக்க ஆள் பிடித்திருக்கிறாள். அப்படிப் பிடித்த ஆள் தான்தான் என்று ஜோதிலட்சுமிக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது. அதைவிட அதிகமாக இரக்கம் வந்தது.

“இந்த மருந்தால விழுந்தாரான்னு எனக்குத் தெரியாது. ஆனா இப்போ எழுந்திருக்காம கிடக்கிறது மருந்து நின்னதால. நீ வாயத் திறந்தா திரும்பக் குடுப்பாங்க. நான் சொன்னா அது துப்பு, நீ சொன்னாத்தான் சாட்சி. போ, டாக்டர்கிட்ட சொல்லு. உங்க சித்தப்பா பக்கத்துல நிக்கறார்னு பாக்காத.”

போன் அணைந்தது. சொல்வாளா மாட்டாளா என்பது அவர்களுக்குத் தெரியாது.

சரவணகுமார் பெஞ்சு மேல் ஏறி நின்று, பஸ்ஸில் கத்துகிற அதே குரலில் வேப்பமரத்தடிக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னான். ரெண்டு பேர் திட்டினார்கள். ஒரு அம்மா தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு செய்யூர் வழியாக வண்டி திரும்பியது. டாக்டரின் போன் எடுக்கப்படவில்லை. சுப்ரஜாவின் போனும் எடுக்கப்படவில்லை. மதுராந்தகம் தாண்டும்வரை சரவணகுமார் ஒரு ஜோக்கும் அடிக்காதது ஜோதிலட்சுமியை இன்னும் பயமுறுத்தியது.

நாலு நாற்பதுக்கு மருத்துவமனை வாசலில் நுழைந்தபோது அங்கே ஆம்புலன்ஸ் இல்லை.

அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு அப்பால் ஜெயகிருஷ்ணனின் கட்டில் தெரிந்தது. கட்டிலில் அவர் இருந்தார். ஆம்புலன்ஸைத்தான் அனுப்பிவிட்டிருந்தார்கள்.

மூன்று மணிக்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுவிட்டதாக விஷாகா சொன்னாள். பிரஷர் எழுபதிலிருந்து நூறைத் தொட்டிருந்தது. கசிவு கசிவுதான், அதிலிருந்து தேற மாதக்கணக்கில் ஆகும், ஆனால் இன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டிய மனிதர் இல்லை இவர். நர்ஸ் பூங்கொடி அவரைத் திருப்பிப் படுக்கவைக்க வலது காலை மடக்கினாள். நான்கு நாளாக ஊசி குத்தியும் முனகாதவரின் உதடு அசைந்தது.

“மெதுவா” என்றார், கண்ணைத் திறக்காமலே. “முழங்கால்.”

சுப்ரஜா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு விம்மினாள். அவளுக்கு இரண்டடி தள்ளி அம்பி நின்றார். மூன்று மணிக்கு அவள் எல்லார் முன்னாலும் சொன்னதைக் கேட்டதும் அவர் செய்தது ஒன்றே ஒன்றுதானாம். தான் கையெழுத்துப் போட்ட தாளைத் தானே வாங்கிக் கிழித்திருக்கிறார். அண்ணனைக் கிடத்திக் கொண்டுபோகக் கொண்டுவந்த வேட்டி இன்னும் அக்குளில் இருந்தது.

சரவணகுமார் மெல்ல அவர் பக்கம் போனான். வழியெல்லாம் தூக்கில் போட்ட ஆளின் முகத்தைப் பார்க்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. “மன்னிச்சுக்கோ அண்ணாத்த” என்றான். எதற்கென்று அம்பிக்குப் புரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

“முப்பது வருஷமா அவருக்குப் பின்னாடி நின்னுதான் சுமக்கறேன்” என்றார், கண்ணாடியைப் பார்த்தபடியே. “தோள் வலிச்சா மாத்திக்கோடான்னு எங்க எல்லாருக்கும் சொல்லிக்குடுத்ததே அண்ணாதான். முட்டி முடியலைடா அம்பின்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் மாத்திண்டிருப்பேனே.”